ஓ.எம்.ஆரில் வேலையா? முதலில் நேரத்தை மாற்றுங்கள்

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆறு வழிச் சாலைதான். ஆனால் மெட்ரோ ரயில் பணி நடுவில் இடத்தை எடுத்துக்கொண்டதில், காலை ஒன்பது மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் பாதித் தெம்பு போய்விடுகிறது. லாகின் செய்யும்போதே களைத்திருப்பவர் அன்று என்ன வேலை பார்ப்பார்?

நெரிசல் குறைய எல்லோரும் காரை விட்டுவிட வேண்டியதில்லை. சாலை நிரம்பி நிற்கும் நேரத்தில் சிறு பங்கு வண்டிகள் விலகினாலே மற்றவை நகரத் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறை நாட்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். ஆகவே வண்டியை மாற்றும் முன் நேரத்தை மாற்றப் பாருங்கள். நகர மையத்தின் 16 ரயில் நிலையங்களில் காலை 7.45க்குள் இறங்குவோருக்குக் கட்டணம் இல்லை என்று 2013இல் சிங்கப்பூர் அறிவித்ததும் இந்தக் கணக்கில்தான்.

மேலாளரிடம் 'ட்ராஃபிக் தாங்கவில்லை' என்று புலம்பினால் அனுதாபம் கிடைக்கும், அனுமதி கிடைக்காது. எழுதிக் கேளுங்கள். ஒரு மாதம் சோதனையாக, காலை 7.30 முதல் மாலை 4.30 வரை வேலை. குழுவினர் எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் 11 முதல் 4 வரை. அதில் நீங்கள் கட்டாயம் இருப்பீர்கள். அமெரிக்க வாடிக்கையாளரின் மாலை அழைப்பை வீட்டிலிருந்தே எடுப்பீர்கள். மாத முடிவில் எந்தெந்த வேலை முடிந்திருக்கும் என்பதையும் முன்கூட்டியே குறிப்பிடுங்கள். மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டிய நிலை மேலாளருக்கு வரும்.

அடுத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் காரை வீட்டில் விடுங்கள். டைடல் பார்க், தரமணி பக்கம் அலுவலகம் என்றால் பறக்கும் ரயிலே போதும். திருவான்மியூர், தரமணி நிலையங்கள் அருகிலேயே இருக்கின்றன. அதற்குத் தெற்கே பேருந்துதான். குளிர்சாதனப் பேருந்து தவிர மற்றவற்றுக்கு 1,000 ரூபாய், எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் என மாதப் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் டிக்கெட்டை ஒரே இடத்தில் எடுக்க 'சென்னை ஒன்' செயலி இருக்கிறது.

ஒரே அடுக்ககத்தில் இருப்பவர்கள் காரைப் பகிரலாம். ஆனால் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் வாடகை வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நாளுக்கு ஒருவர் முறைவைத்துத் தம் காரை எடுப்பதே நல்லது. காசுக் கணக்கும் வராது, மனக்கசப்பும் வராது.

நீங்களே குழுத் தலைவர் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். காலை 9.30 மணிக்கு வைத்திருக்கும் அந்த அன்றாடக் கூட்டத்தை 11 மணிக்குத் தள்ளுங்கள். அதற்கு ஹெச்.ஆர். அனுமதி தேவையில்லை. நாளைக்கே செய்யலாம்.