குருட்டாம்போக்கில் ஆடுவதா போக்கர்?

நம்பிக்கை: எதிராளியால் ஊகிக்க முடியாதபடி ஆட வேண்டுமா? தோன்றியபோது தோன்றிய தொகையைக் கட்டினால் போதும்.

பலர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். மனத்துக்குத் தோன்றுவதற்கும் ஒரு தடம் உண்டு. கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றி, அதாவது பிளஃப் செய்து, இரண்டு முறை பிடிபட்டவர் மூன்றாம் முறை தயங்குவார். பெருந்தொகையைத் தோற்றவர் உடனே மீட்கத் துடிப்பார். அனுபவசாலி இந்தத் தடத்தைப் படித்துவிடுவார்.

தற்செயலுக்கு இடம் கொடுக்கும் முன்பே கணக்கு முடிந்திருக்க வேண்டும். கடைசிச் சீட்டும் திறந்தாயிற்று, மேசை நடுவே 100 ரூபாய் கிடக்கிறது, ஒருவர் மேலும் 100 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 100 போட்டால் 200 கிடைக்கலாம். இப்படிக் கட்டும் மூன்று தடவையில் ஒன்று பிளஃப் என்றால், எதிராளி காசு போட்டுப் பார்த்தாலும் சீட்டைக் கவிழ்த்தாலும் நீண்ட கால ஆதாயம் ஒன்றுதான். 50 ரூபாய் மட்டும் கட்டுபவருக்கு அந்த விகிதம் நான்கில் ஒன்று.

விகிதம் கிடைத்த பிறகே தற்செயலின் வேலை. 1995ல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன், கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்கச் சொன்னார். ஐந்தில் ஒரு முறை மட்டும் ஆட்டத்தை மாற்ற வேண்டுமா? முள் முதல் 12 விநாடிக்குள் இருந்தால் மாற்றலாம். போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி காட்டிய வழி இன்னும் நேர்த்தியானது. இன்ன சீட்டு வந்தால் பிளஃப் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டால், கைக்கு வரும் சீட்டே பகடையாகிவிடும். கண் எங்கே போகிறது என்று எதிராளி நோட்டமிடவும் வழியில்லை.

நம்பிக்கை: பிளஃப்புக்கு எந்தக் கையானாலும், அதாவது எந்தச் சீட்டுத் தொகுப்பானாலும், சரி.

சரியல்ல. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944ல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், எளிமையாக்கிய போக்கரை வைத்து இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிளஃப்புக்கு ஏற்றவை மிக மட்டமான கைகளே. நடுத்தரக் கை பந்தயம் கட்டாமலேயே வெல்லக்கூடியது.

நம்பிக்கை: கை தேர்ந்தவருக்கு உள்ளுணர்வே போதும்.

போதாது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, 17 லட்சம் டாலருக்கும் அதிக மதிப்புள்ள சில்லுகளை வென்றது. 2019ல் வந்த புளூரிபஸ் நிரலோடு மோதிய தொழில்முறை ஆட்டக்காரர் டாரன் எலியாஸ், ஆட்டத்தை முழுத் தற்செயலாகக் கலந்து ஆடுவதே அதன் பெரும் பலம் என்றார். மனிதர்களும் முயல்வது அதைத்தான், பெரும்பாலோரால் முடிவதில்லை என்பதும் அவர் கருத்தே.

ஆனால் இந்தக் கலவை எதிராளியின் பிடியில் சிக்காமல் இருப்பதற்கான கவசம் மட்டுமே. எந்தப் பந்தயத்துக்கும் சீட்டைக் கவிழ்க்காமல் காசு போட்டுப் பார்ப்பவர் எதிரே இருந்தால், விகிதமும் வேண்டாம், பகடையும் வேண்டாம். அவரிடம் பிளஃப்பே கூடாது.