முக்கோணத்தை இழுத்துப் பார்க்க

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 2001-இல் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளுக்கு, தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ப் பக்கங்களில் இடம் தந்திருந்தும், பல இல்லங்களில் அப்பக்கம் தீண்டப்படாமலே போவது வருந்தத்தக்கது.

பிள்ளையைத் திரையின் முன் அமர்த்துவதற்கு முன்னரே, காகிதத்தில் ஒரு முக்கோணம் வரையச் செய்து, பாகைமானியால் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டச் சொல்லுங்கள். 179 என்றோ 181 என்றோ வந்தால் உடனே திருத்த வேண்டாம். பிறகு திரையில் முக்கோணத்தை அமைத்து, உச்சியை விரலால் இழுத்தால் கூட்டுத்தொகை என்னவாகும் என்று கேட்டு, அந்த ஊகத்தை நோட்டில் எழுதிவைக்கச் செய்வதே இந்த அப்பியாசத்தின் ஜீவன். கோணங்கள் யாவும் மாறிக்கொண்டிருக்க, கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிலைத்திருப்பதைப் பிரத்தியட்சமாகக் கண்ட பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும். நிரூபணத்துக்காகப் பாடநூலைத் திறக்க வேண்டிய வேளை அதுவே. செயலியை இலவசமாக ஒருமுறை இறக்கிக்கொண்டால், இணையம் இல்லாதபோதும் வரையலாம்.