கேட்டலும் மீட்டலும்

நள்ளிரவு வரை விழித்திருந்து பாடத்தைப் பத்து முறை வாசித்த மாணவன், பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் நினைவுக்கு வராது திகைத்திருத்தல் எமது பாடசாலைகளில் நாம் அடிக்கடி காணும் அவலமாகும். பெறுபேறு வெளிவந்ததும், "இவனுக்கு மூளை இல்லை" என வீட்டார் தீர்ப்பளிக்கின்றனர். சின்னாளில் அவனும் அதனை நம்பிவிடுகின்றான். முயற்சியிற் குறைவில்லாத ஒருவன் அறிவிலி எனப் பெயர் பெறுதல் பேரிழப்பன்றோ? இத்தகையோர் பலரிடத்துக் குறை கற்கும் முறையிலேயே உளது. அம்முறையைச் சிறிது ஆராய்வாம்.

13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்பிக்கும் முறையோடு கற்கும் முறையையும் வகுத்துக் கூறுகின்றது. ஒரு பாடத்தை மும்முறை கேட்டல் நன்று என உரைக்கும் அந்நூலே, ஆசிரியன் கூறியவற்றை முற்றாக உள்ளத்திற் கொண்டாலும் மாணாக்கன் எய்தும் புலமை காற்பங்கே எனவும் கணக்கிடுகின்றது. உடன்கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அதன் முடிபு. கேட்டவற்றை நினைத்தல், வினாதல், வினாயவற்றுக்கு விடை கூறல் என்பனவும் மாணாக்கனின் கடன்களாக அங்கே எண்ணப்பட்டுள்ளன.

இக்கணக்கை இன்றைய நிலையோடு ஒப்பிட்டு நோக்குக. காலையிற் பாடசாலை, மாலையில் தனியார் கல்வி நிலையம், பரீட்சை நெருங்குங்காற் கருத்தரங்கு என மாணவன் ஓடுகின்றான். மூன்றிடத்தும் அவன் செய்வது பெரும்பாலும் கேட்டல் ஒன்றே. பெற்றார் பொருளை வாரி இறைத்து மும்முறை வாங்கிக் கொடுப்பது அந்த ஒரு காற்பங்கையே. எஞ்சிய முக்காற்பங்குக்கு அவனிடம் நேரம் இல்லை.

உளவியலாரின் ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, மாணவர் ஓர் உரைப்பகுதியை இருமுறை வாசித்தனர். வேறொரு பகுதியை ஒருமுறை வாசித்து, பின்னர் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்த பகுதியே மிகுதியாக நினைவில் நின்றது. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோதோ, இருமுறை வாசித்ததில் 42 வீதமும், நினைந்து எழுதியதில் 56 வீதமும் எஞ்சின. மீள மீள வாசிக்குங்காற் பாடம் தெளிந்துவிட்டதாகத் தோன்றுகின்றது. கண்ணுக்கு எழுத்துப் பழகியதால் உண்டாகும் மயக்கம் அது.

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்று, மண்ணெண்ணெயும் அரிதாகிய காலத்திற் கற்றோர் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிவர். ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெய் சிறிதே இருந்தது. ஆதலின் வேண்டியதை வாசித்து, விளக்கை அணைத்து, இருளிலிருந்து சொல்லிப் பார்த்தோர் பலர். அத்துன்பம் மீள வேண்டா, அப்பழக்கம் மீளவேண்டும்.

மாணவர் செய்யத்தக்கது யாது? அன்று கேட்ட பாடத்தை அன்று மாலையே, கொப்பியை மூடிவைத்து, வெற்றுத்தாளில் எழுதுக. பின்னர் கொப்பியைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையாற் குறிக்க. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழும் என்பதை ஜேர்மனிய அறிஞர் எபிங்கவுசு 1885ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆகலின் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு கிழமை கழித்தும் அதனையே மீட்டுக. தொகைநிலைத் தொடர் ஆறின் பெயர்களையும் ஒப்புவித்தல் மாத்திரம் போதாது. செம்மண் பண்புத்தொகை, சுடுசோறு வினைத்தொகை, தாய்தந்தை உம்மைத்தொகை என வீட்டிலும் வளவிலும் உள்ளவற்றைக் கொண்டு தானே உதாரணம் காண்க. கண்டதைத் தோழனுக்கு விளக்குக. விளக்கும்போது எவ்விடத்தில் நா தடுமாறுகின்றதோ, அவ்விடமே மீண்டும் கற்கவேண்டிய இடம்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். கட்டடமும் பரிசிலும் வழங்கிக் கல்லூரியைப் பேணுகின்றீர்கள். அவற்றோடு, கிழமையில் ஒரு மாலை உங்கள் ஊர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ அமர்ந்து, ஒரு மாணவன் தான் கற்றதை எடுத்துரைக்கச் செவிசாய்ப்பீராக. அப்பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை, "அஃது ஏன்?" என வினவுதல் போதும். தன் சொல்லைக் கேட்கப் பெரியார் ஒருவர் காத்திருக்கின்றார் என அறிந்த பிள்ளை, தன்னை மூளையற்றவன் என ஒருகாலும் எண்ணான்.