சான்றிதழும் ஓர் அமானிதமே
சைபர் பாதுகாப்புத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



சென்ற ஆண்டு நம் கல்வி உதவிக் குழுவிடம் ஒரு தாய் வந்தார். கல்லூரி முடித்த மகன் கணினிப் பாதுகாப்புத் தேர்வு ஒன்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார். பாதித் தொகைக்கு வளையலை அடகு வைத்திருந்தார். மீதியை நாங்கள் கொடுத்தோம். பிள்ளை தேறிவிட்டார் என்ற செய்தி வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அந்தக் கோப்பை மூடிவிட்டோம்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தம்பியே எங்களைத் தேடி வந்தார். மூன்று நிறுவனங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போய் மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். கடைசி இடத்தில் கேட்டது அடிப்படைக் கேள்வி: "ஹேஷிங்குக்கும் என்கிரிப்ஷனுக்கும் என்ன வேறுபாடு?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. "பிறகு தேர்வில் எப்படித் தேறினீர்கள் தம்பி?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். வாட்ஸ்அப்பில் 'அசல் கேள்விகள்' என்று மூவாயிரம் ரூபாய்க்கு விற்ற ஒரு பிடிஎஃப்பை வாங்கி, விடைகளை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்.

தவறு அவருடையது மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. "பாஸா?" என்று கேட்ட நாங்கள், "என்ன படித்தீர்கள்?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. இந்தத் துறையில் நம் பிள்ளைகளுக்கு நல்ல வேலை உண்டு. வளைகுடா நாடுகளிலும் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் எப்படி நடப்பது என்பதை நாம் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

எந்தத் தேர்வு?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உலகெங்கும் பொதுவாகச் சொல்லப்படும் தேர்வு, காம்ப்டியா அமைப்பு நடத்தும் 'செக்யூரிட்டி பிளஸ்'. இப்போதுள்ள பாடத்திட்டம் 2023 நவம்பரில் வந்தது. அதன் குறியீடு எஸ்ஒய்0-701. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். மதிப்பெண் 100 முதல் 900 வரையிலான அளவில் தரப்படும்; தேற 750 வேண்டும். இது சதவீதக் கணக்கு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சில கேள்விகளில் திரையிலேயே ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "கல்லூரி முடித்த கையோடு சிஐஎஸ்எஸ்பி" என்ற விளம்பரத்தைக் கண்டு சிலர் பெரிய தொகை கட்டிவிடுகிறார்கள். ஐஎஸ்சி2 அமைப்பு தரும் அந்தச் சான்றிதழுக்கு எட்டுப் பாடப்பிரிவுகளில் இரண்டிலாவது மொத்தம் ஐந்தாண்டு வேலை அனுபவம் வேண்டும். உரிய பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். அனுபவம் இல்லாதவர் தேர்வில் தேறினாலும் 'அசோசியேட்' என்ற நிலைதான் கிடைக்கும். எனவே முதல் படியில் கால் வைத்த பிறகே மேல்படியை நினைக்க வேண்டும்.

விற்கப்படும் கேள்விகள்

தேர்வுக் கேள்விகளைத் திருடி விற்பதை இத்துறையில் 'டம்ப்' என்பார்கள். தேர்வு எழுதுபவர் ஏற்றுக் கையொப்பமிடும் ஒப்பந்தமே இதைத் தடை செய்கிறது. பயன்படுத்தியது தெரியவந்தால் பெற்ற சான்றிதழை ரத்து செய்யலாம். மறுபடி தேர்வு எழுதவும் தடை விதிக்கலாம். போதாததற்கு, விற்கப்படும் தாள்களில் தவறான விடைகளும் இருக்கும். விற்பவரிடம் போய் நியாயம் கேட்கவும் முடியாது.

மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆலிம்களின் பணி. நாங்கள் அதில் இறங்கவில்லை. ஆனால் நாம் எல்லோரும் ஜும்ஆ பயானில் கேட்ட ஒரு நிகழ்ச்சியை நினைவுபடுத்துகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். படிக்காமல் வாங்கிய சான்றிதழும் அந்தக் குவியல் போன்றதே. மேலே காய்ந்திருக்கும், வேலை கொடுப்பவர் கையை உள்ளே விட்டதும் ஈரம் தெரிந்துவிடும்.

தெரியாமலே போனால் இன்னும் ஆபத்து. மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளையோ வங்கியின் வாடிக்கையாளர் கணக்குகளையோ காக்கும் பொறுப்பு, வேலை தெரியாத ஒருவர் கையில் இருக்கும். நஷ்டம் முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களுக்கு.

பதினான்கு வாரத் திட்டம்

முதலில் காம்ப்டியாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்டத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் ஐந்து பிரிவுகள் உள்ளன. பாதுகாப்பின் அடிப்படைகள் 12 சதவீதம். ஆபத்துகளும் பலவீனங்களும் அவற்றைத் தணித்தலும் 22. பாதுகாப்புக் கட்டமைப்பு 18. அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28. நிர்வாகமும் மேற்பார்வையும் 20. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு நேரம் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

எங்கள் பரிந்துரை இது. முதல் இரண்டு வாரம் அடிப்படைகளும் நெட்வொர்க் பாடமும். மூன்று முதல் ஐந்தாம் வாரம் வரை ஆபத்துகள். ஆறு, ஏழு கட்டமைப்பு. எட்டு முதல் பத்து வரை அன்றாடப் பணிகள். பதினொன்று, பன்னிரண்டு நிர்வாகம். கடைசி இரண்டு வாரம் மாதிரித் தேர்வுகள். ஃபஜ்ருக்குப் பின் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. இடையில் ரமலான் வந்தால் நேரத்தைப் பாதியாக்கி வாரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. பேராசிரியர் மெஸ்ஸர் என்ற பெயரில் யூடியூபில் முழுப் பாடமும் இலவசமாக உள்ளது. ஆங்கிலம் கடினமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். தெரியாத சொல்லை நோட்டில் எழுதி, தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி தவறினால் சரியான விடையைக் குறித்துக்கொள்வதோடு நிற்க வேண்டாம். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் உண்மையான ஆசிரியர். புதிய மாதிரித் தாள்களில் தொடர்ந்து 85 சதவீதம் வந்த பிறகே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். தவறினால் இரண்டாம் முறை எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் உண்டு.

புரிந்து படிப்பது எப்படி? சில உதாரணங்கள்

முதல் பாடம்: இரகசியம், மாறாத்தன்மை, கிடைக்கும் தன்மை. நம் உதவிப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். யார் யார் உதவி பெற்றார்கள் என்பது வெளியே போகக் கூடாது, அது இரகசியம். எழுதிய தொகையை யாரும் திருத்தக் கூடாது, அது மாறாத்தன்மை. ரமலானில் தேவைப்படும்போது பதிவேடு கையில் இருக்க வேண்டும். அது கிடைக்கும் தன்மை. தேர்வில் வரும் தாக்குதல் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் எதையாவது கெடுக்கிறது. எதை என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாதிப் பாடம் எளிதாகிவிடும்.

இரண்டாவது: அந்தத் தம்பியிடம் கேட்ட கேள்வி. என்கிரிப்ஷன் என்பது பெட்டியில் வைத்துப் பூட்டுவது. சாவி இருப்பவர் திறந்து உள்ளதை எடுக்கலாம். ஹேஷிங் என்பது அரிசியை மாவாக அரைப்பது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் ஒரு வரியைக் கொடுத்தாலும் ஒரு புத்தகத்தையே கொடுத்தாலும் 64 எழுத்து நீள விடையே வரும். ஓர் எழுத்து மாறினாலும் விடை முழுதும் மாறிவிடும். எனவே இரகசியத்தைக் காக்க என்கிரிப்ஷன். கோப்பு மாற்றப்பட்டதா என்று சோதிக்க ஹேஷிங். கடவுச்சொல்லை ஹேஷாகச் சேமிப்பதும் இதனால்தான்.

மூன்றாவது: இரு காரணி அடையாளம். ஏடிஎம்மில் அட்டையும் பின் எண்ணும் கேட்கிறார்கள். ஒன்று கையில் இருப்பது, மற்றொன்று மனத்தில் இருப்பது; எனவே இரு காரணி. கடவுச்சொல்லும் பின் எண்ணும் கேட்டால்? இரண்டும் மனத்தில் இருப்பவையே. அது இரு காரணி ஆகாது. இந்த இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள்.

நான்காவது: இழப்புக் கணக்கு. ஒரு கடையின் கணினி அமைப்பின் மதிப்பு 2,00,000 ரூபாய். ஒரு தாக்குதலில் கால் பங்கு பாழாகும் என்றால் ஒருமுறை இழப்பு 50,000. அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் என்று மதிப்பிட்டால் ஆண்டு இழப்பு 25,000. இதைத் தடுக்க ஆண்டுக்கு 40,000 ரூபாய் செலவிடுவது கணக்குப்படி நஷ்டம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கைவந்த கணக்கு. ஆங்கிலப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம்.

கேள்வியில் 'முதலில்', 'மிகச் சிறந்த' என்ற பொருள்படும் சொல் வந்தால் அதை இருமுறை படியுங்கள். கணினி ஒன்றில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்துவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்? காப்புப் பிரதியிலிருந்து மீட்பதும் சரியான வேலைதான், ஆனால் முதல் வேலை அல்ல. பரவாமல் தடுக்க அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டும். கண்டறிதல், ஆராய்தல், தடுத்து நிறுத்துதல், அகற்றுதல், மீட்டல், பாடம் கற்றல் என்ற வரிசை மனத்தில் இருந்தால் இத்தகைய கேள்வியில் தடுமாற்றம் வராது.

பயிற்சியின் எல்லை

கற்ற வித்தையைச் சோதிக்கப் பக்கத்து வீட்டு வைஃபையையோ பழைய கல்லூரியின் இணையதளத்தையோ தொடக் கூடாது. விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன் கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வழக்கு ஒன்று பதிவானால் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல் வரும். சொந்தக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள்ளேயே பழகலாம்.

தேர்வு நாள்

பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் அடிக்கடி சிக்கல் வருகிறது. ஓர் அட்டையில் முஹம்மது என்பதை ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். வாப்பாவின் பெயர் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருக்கும். கட்டணம் கட்டும் முன்பே சரிபாருங்கள். தொழுகை நேரம் இடையில் வராதபடி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். நேரத்தை விழுங்கும் அவற்றைக் குறியிட்டு விட்டுவிட்டு, மற்றவற்றை முடித்த பின் திரும்பி வாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எதையும் வெற்றாக விடாதீர்கள்.

பெற்றோருக்கு

"எப்போது பாஸ் ஆவாய்?" என்று தினமும் கேட்கும் வீட்டில்தான் பிள்ளை குறுக்கு வழி தேடுகிறான். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். பெண் பிள்ளைகளுக்கும் இதே ஊக்கத்தைக் கொடுங்கள். இந்தத் தேர்வு எழுதுவது யார் என்று பார்ப்பதில்லை.

எங்கள் குழுவும் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டுள்ளது. இனி இத்தகைய தேர்வுக்கு உதவி கேட்பவர் தன் தவறுகளை எழுதிய நோட்டைக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து இரண்டு பாடங்களை எங்களுக்கு விளக்க வேண்டும். அதன் பிறகே கட்டணம். இது யாரையும் சங்கடப்படுத்த அல்ல. உதவி நிதியில் இருப்பது, யாரோ ஒருவர் கடையில் நின்று உழைத்துச் சேர்த்துக் கொடுத்த காசு. அது எங்களிடம் அமானிதம். அந்தத் தாயின் வளையலும் அமானிதம்தான்.

அந்தத் தம்பி முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார். இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அஸருக்குப் பின் நடக்கும் எங்கள் ஞாயிறு வகுப்பில் ஹேஷிங் பாடத்தை நடத்தியது அவர்தான். மேலே சொன்ன மாவு உதாரணமும் அவருடையதே. அவருக்கும், இந்தத் துறையில் அடியெடுத்து வைக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.