நாள் தள்ளிப் போனால்

மூணாறு அருகே ஒரு தேயிலை எஸ்டேட். மாரியம்மாள் அங்கே கொழுந்து எடுக்கிறாள். வயது 27. இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒன்றரை வயதுதான்.

அவளுக்கு நாள் தள்ளிப் போய்விட்டது. பக்கத்து லயத்துப் பாட்டி எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் லேசாகக் கறை பட்டது. ஒரே நாளில் நின்றும் போனது. "அப்பாடா!" என்று மூச்சு விட்டாள் மாரியம்மாள்.

நான்கு நாள் கழிந்தது. காலையில் மலை ஏறும்போது குமட்டியது. மறுபடியும் பயம் வந்தது. கணவனிடம் சொல்லவில்லை. மருந்துக் கடையில் கலைக்கிற மாத்திரை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். காசை முடிந்துகொண்டு கிளம்பினாள். வழியில் ஆஷா அக்கா வந்தார். அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கடைசியா எப்பம்மா தூரமானே?"

"பெரியவளைப் பள்ளிக்கூடத்துல விட்ட மூணாம் நாள் அக்கா. நாலாம் நாள் தலைக்கு ஊத்தினேன்."

"தலைக்கு ஊத்தின நாள் கணக்கில்லை. இரத்தம் பட்ட முதல் நாள்தான் கணக்கு."

இருவரும் காலண்டரைப் பார்த்தார்கள். ஜூன் 5. அன்று ஜூலை 17. சரியாக ஆறு வாரம்.

"21 நாளிலிருந்து 35 நாளுக்குள்ள வந்தா பயமில்லை. உனக்கு அதையும் தாண்டிடுச்சு. தள்ளிப் போனாலே முழுகாம இருக்கோம்னு அர்த்தமில்லை. பால் கொடுத்தா தள்ளும். கவலைப்பட்டாலும், உடம்பு ரொம்ப இளைச்சாலும் தள்ளும். தைராய்டு கோளாறு இருந்தாலும் தள்ளும். கர்ப்பத் தடை மாத்திரை, ஊசி எடுத்தா கொஞ்சமாத்தான் படும்."

"எனக்குத்தான் கொஞ்சம் பட்டுச்சே அக்கா?"

"கர்ப்பம் தரிச்ச புதுசுலயும் சிலருக்கு லேசாப் படும். அதை வச்சு முடிவு பண்ணக் கூடாது."

எள்ளையும் பப்பாளியையும் நம்பி நாளைக் கடத்தியவர்கள் எத்தனை பேர்!

ஆஷா அக்கா சோதனை அட்டை ஒன்று கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் மாரியம்மாள் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்தாள். அட்டையில் உள்ள குழியில் மூன்று சொட்டு விட்டாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். ஒரு கோடு வந்தால் கர்ப்பம் இல்லை. அப்போதும் தூரமாகாவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கோடே வராவிட்டால் அட்டை பழுது.

இரண்டு கோடு வந்தது.

மாரியம்மாள் அழுதாள். "இப்ப வேண்டாம் அக்கா. மாத்திரை வாங்கிடறேன்."

"கடையில நீயா வாங்காதே. கரு குழாயில தங்கியிருந்தா அந்த மாத்திரை கேட்காது. குழாய் வெடிச்சா உயிருக்கே ஆபத்து. ஒரு பக்கமா அடிவயிறு வலிச்சாலோ, தலை சுத்தினாலோ ராத்திரின்னும் பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். உனக்கு வலி இல்லை. ஆனாலும் கறை பட்டிருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும்."

"கலைச்சா போலீஸ் பிடிக்குமா?"

"1971-லயே சட்டம் வந்தாச்சு. கர்ப்பத் தடை முறை பலிக்காமப் போனதும் சட்டப்படி ஒரு காரணம்தான். ஆனா அதுக்கு அனுமதி உள்ள டாக்டர்தான் செய்யணும். 18 வயசு ஆன பொம்பளைக்கு அவ சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம். பெத்துக்கிறதா, வேண்டாமான்னு நீ யோசி. நான் சொல்ல மாட்டேன்."

அன்று இரவு மாரியம்மாள் கணவனிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காலையில நானும் வர்றேன்" என்றான்.

அவள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். ஜூன் 5-ஐச் சுற்றி வட்டம் போட்டாள். மடித்துப் பையில் வைத்தாள். டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.