நார்கொண்டம் செல்ல ஒரு திட்டம்

காட்டுப் பறவைகளை நிழற்படம் எடுக்க விரும்பும் மாணாக்கர் என்னிடம் முதலில் கேட்கும் வினா, "என்ன காமிரா வாங்கலாம், சார்?" என்பதே. அவ்வினாவிற்குரிய விடை கடைசியில் வரவேண்டியது என்பது என் கருத்து. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்க விழைகிறேன். வரும் சனவரித் திங்களில் நானும் என் பழைய மாணாக்கர் இருவரும் அந்தமான் கடலிலுள்ள நார்கொண்டம் தீவிற்குச் செல்ல அனுமதி வேண்டித் திட்டம் ஒன்று தீட்டி வருகிறோம். தட்டாஞ்சாவடியில் என் வீட்டு மேசைமீது விரிந்து கிடக்கும் அத்திட்டத்தையே இங்குப் பாடமாகக் கொள்வோம்.

நார்கொண்டம் வட அந்தமானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் தனித்து நிற்கும் ஓர் எரிமலைத் தீவு. எரிமலை உறங்கிக் கொண்டிருக்கிறது. இந்நாளில் புகைவது அதற்குத் தெற்கேயுள்ள பாரன் தீவு. நரக குண்டம் என்பதே நார்கொண்டம் என மருவியது என்பாரும் உளர்; அப்பெயர் பாரன் தீவிற்கே பொருந்தும்! தீவின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர கி.மீ.தான். நடுவே 710 மீட்டர் உயர்ந்த சிகரம். கரை முதல் உச்சி வரை அடர்ந்த காடு. 1977ஆம் ஆண்டில் இது வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது.

இச்சிறு தீவில் ஓர் இருவாட்சி இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1873இல் இதனை முதன்முதல் விவரித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரசு மகாசபையைத் தோற்றுவித்தவர் என வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் அதே ஹியூம்தான். ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண் முழுவதும் கறுப்பு. இரண்டிற்கும் வால் வெண்மை. 2020ஐ ஒட்டி நடந்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் எனக் கண்டனர். நம் கல்லூரிகள் சிலவற்றின் மாணவர் தொகை இதனினும் மிகுதி. ஓர் இனத்தின் முழுத்தொகையும் ஒரே தீவில் அடங்கிவிட்டது என்பதை நினைவில் இருத்திய பின்னரே பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். திட்டத்தின் உயிர்நாடி இதுவே. அந்தமான் கடலில் மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று; அதன்பின் ஆண்டிறுதிவரை வடகிழக்குக் காற்றும் புயலும். கடல் நன்கு அடங்கியிருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. படகோட்டியைக் கேட்டால் மார்ச்சு மாதம் வாருங்கள் என்பார். ஆனால் இருவாட்சி கூடு கட்டுவதும் அதே மாதங்களில்தான். பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தாலும் உணவுச் சக்கையாலும் பூசி அடைத்துக் கொள்ளும். அலகு நுழையும் அளவிற்கு ஒரு பிளவே மிஞ்சும். அதன் வழியே ஆண் நாள்தோறும் பழங்களைக் கொணர்ந்து ஊட்டும். ஆணையன்றி உள்ளிருப்பனவற்றிற்கு வேறு கதி இல்லை. மரத்தடியில் மனிதர் மூவர் முக்காலியை ஊன்றி நின்றால் ஆண் அருகிலுள்ள மரத்தில் அமர்ந்து காத்திருக்கும். நாம் நிற்கும் ஒரு மணி, பொந்தினுள் ஒரு வேளைப் பட்டினி.

ஆண் பிளவின் வழியே பழம் ஊட்டும் காட்சிதான் போட்டிகளில் பரிசு பெறுவது. அந்தப் படத்தை எடுப்பதில்லை என முடிவு செய்தோம். ஆகவே சனவரிப் பிற்பகுதியைத் தேர்ந்தோம். அப்போது பெண்பறவைகள் பொந்தில் அடைபடத் தொடங்கியிரா. இணைகளாகவும் கூட்டமாகவும் அத்தி, ஆல் இன மரங்களுக்கு வரும். கடல் சற்று முரடாக இருக்கும். நமக்கு வாந்தி, பறவைக்கு நிம்மதி. பொந்து எங்காவது கண்ணில் பட்டாலும் அவ்வழியை விட்டு விலகுவது என்பதும் திட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.

இப்போது லென்சுக் கணக்கு. பறவையின் நீளத்தை லென்சின் குவியத் தூரத்தால் பெருக்கி, பறவைக்கும் நமக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் உருவின் அளவு கிடைக்கும். பறவை 66 செ.மீ.; தொலைவு 40 மீட்டர்; குவியத் தூரம் 400 மி.மீ. எனில் உரு 6.6 மி.மீ. காமிராவின் சென்சார் 36 மி.மீ. அகலமானால் பறவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. 600 மி.மீ. லென்சானால் 9.9 மி.மீ.; விலையோ பன்மடங்கு. அதே 400 மி.மீ. லென்சுடன் தொலைவைப் பாதியாக்கினால் 13.2 மி.மீ. ஆகிறது! தொலைவைப் பாதியாக்க நாம் பறவையை நோக்கி நடக்க வேண்டியதில்லை. பழுத்த மரத்தின் எதிரே விடியுமுன் சென்று, மறைவில் அசையாது அமர்ந்தால், பறவையே தொலைவைக் குறைத்துக் கொள்ளும்.

இதற்குப் பயிற்சி வேண்டும். ஞாயிறுதோறும் மிதிவண்டியில் ஊசுட்டேரிக்குச் சென்று நாமக்கோழிகளைப் படமெடுத்து வந்தோம். திறந்த நீர்ப்பரப்பு; வெளிச்சம் தாராளம். காட்டுக்கு அது போதாது. எனவே தெருக்கோடி ஆலமரத்திற்கு மாறினோம். ஆல் பழுத்தால் அங்கே, அரசு பழுத்தால் இங்கே என மனிதரைத்தான் குத்திச் சொல்வார்கள். பறவைகளுக்கு அது நேர்மையான வாழ்க்கைமுறை. குயிலும் மைனாவும் செம்மார்புக் குக்குறுவானும் பழம் தின்னும் கிளைகள் எவை, எந்த நேரத்தில் வெயில் அங்கு விழுகிறது என்று குறித்துக் கொண்டோம். தொழிற்பேட்டை லாரிகளின் ஓசைக்கு அஞ்சாத குக்குறுவான், நாங்கள் கை உயர்த்தியதும் பறந்தது. அசைவே பறவைக்குப் பகை, ஓசை அவ்வளவு இல்லை என அங்குக் கற்றோம். ஆண்குயில் இன்னொரு பாடம் தந்தது. வெளுத்த வானத்தின் முன் கறுத்த பறவை அமர்ந்தால், காமிரா வானத்தை அளந்து பறவையை வெறும் நிழலாக்கிவிடும். ஒன்று முதல் ஒன்றரைப் படி ஒளி கூட்டிக் கொடுத்தால்தான் இறகுகள் தெரியும். கூட்டினால் இருவாட்சியின் வெண்வால் வெளுத்துப்போகும். இரண்டிற்கும் நடுவே நிற்பது கைப்பழக்கம்.

அனுமதியின்றிக் காப்பகத்தில் கால் வைக்க இயலாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 28ஆம் பிரிவின்படி, படமெடுக்க நுழைவு அனுமதி வழங்குபவர் தலைமை வனவிலங்குக் காப்பாளர். விண்ணப்பத்தை ஆறு திங்களுக்கு முன்பே அனுப்புவது நலம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024 வரை போர்ட் பிளேர்) கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்; விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று மேல். அங்கிருந்து நார்கொண்டம் சுமார் 260 கி.மீ. பயணிகள் கப்பல் கிடையாது. அரசுக் கலம் எதிலாவது இடம் தந்தால்தான் உண்டு. கரையில் அலை மிகுந்தால் கலம் திரும்பிவிடும். ஆகவே ஐந்து நாள் பணிக்குப் பதினைந்து நாள் விடுப்பு.

தீவிற்குள் எதைக் கொண்டுபோகிறோம் என்பதில் கவனம் தேவை. 1960களின் இறுதியில் அங்குக் காவற்சாவடி அமைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆடுகள் கொண்டுவரப்பட்டுப் பெருகி, இளஞ்செடிகளை மேய்ந்தன. அவை பின்னர் அகற்றப்பட்டன. இளமரம் வளராவிடில் நூறாண்டு கழித்துப் பொந்து ஏது? எனவே காலணியைத் தேய்த்துக் கழுவுதல், பைகளை உதறி எலியும் விதையும் இல்லை எனக் காண்டல், பழக்கொட்டைகளைத் திரும்பக் கொணர்தல் ஆகியவற்றையும் சேர்த்தோம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல், மாற்று மின்கலங்கள் ஆறு, உப்பு துடைக்க மெல்லிய பருத்தித் துணி. காமிரா? மாணாக்கர் ஒருவரிடம் உள்ள பழைய காமிராவே போதும்.

அனுமதி கிடைக்காமற் போகவும் கூடும். தீவின் நன்மைக்காக மறுத்தால் அதில் வருத்தமில்லை. அவ்வாறாயின் வால்பாறைக்குச் சென்று பெரிய இருவாட்சியைத் தேடுவோம். பொள்ளாச்சியில் பேருந்து ஏறி, ஆழியாற்றைக் கடந்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் பழமரங்கள் உண்டு. விண்ணப்பத்துடன் அதற்கான செலவுக் கணக்கையும் போட்டு வைத்துள்ளோம்: மூவருக்கும் சேர்த்து, அந்தமான் செலவில் நான்கில் ஒரு பங்கு.