பாலையில் வாழும் வன்னி

பினாங்கு மக்களுக்கு மழை புதிதன்று. ஜார்ஜ்டவுனில் ஆண்டுதோறும் 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஆனால், ஓராண்டில் 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெறாத நிலப்பகுதிகளும் உலகில் உள்ளன. அவையே பாலைவனங்கள். வெப்பமே பாலைவனத்தின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நீர்ப் பற்றாக்குறையே அதன் முதன்மை அடையாளம். அதனால்தான் பனி மூடிய அண்டார்க்டிகாவையும் அறிவியலாளர்கள் பாலைவனம் என வகைப்படுத்துகின்றனர்.

இந்தியாவின் இராஜஸ்தானிலும் அதனை ஒட்டிய பாகிஸ்தான் பகுதியிலும் தார்ப் பாலைவனம் பரந்து கிடக்கிறது. இராஜஸ்தானின் பலோடி நகரில் 2016 மே 19ஆம் நாள் வெப்பநிலை 51 டிகிரி செல்சியசை எட்டியது. ஆயினும், குளிர்கால இரவுகளில் அங்குக் கடுங்குளிர் நிலவும். வானில் மேகமும் காற்றில் ஈரப்பதமும் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். பகலில் வெயில் தடையின்றி நிலத்தைச் சுடுகிறது. இரவில் அவ்வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. பினாங்கிலோ மேகமும் ஈரக்காற்றும் போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. ஆகவே, இரவிலும் இங்குப் புழுக்கம் நீடிக்கிறது.

இத்தகைய சூழலில் வாழும் உயிரினங்கள் ஒவ்வொரு துளி நீரையும் காக்க வேண்டியுள்ளது. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு. உணவு கிடைக்காத நாள்களில் அக்கொழுப்பே அதற்கு ஆற்றல் தருகிறது. பகலில் தன் உடல் வெப்பநிலை சற்று உயர்ந்தாலும் ஒட்டகம் தாங்கிக்கொள்ளும். இதனால், அது வியர்வையாக இழக்கும் நீர் குறைகிறது. பாலைவன எலிகளும் பல்லிகளும் கடும் வெயிலில் வளைக்குள் பதுங்கிக்கொள்கின்றன.

அமெரிக்கப் பாலைவனங்களில் வளரும் கள்ளிச்செடிகளின் இலைகள் முட்களாக மாறியுள்ளன. அவற்றின் இலைத்துளைகள் பெரும்பாலும் குளிர்ந்த இரவில்தான் திறக்கும். ஆனால், அதே கள்ளியைப் பினாங்கில் தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஓரிடத்தில் உயிர்காக்கும் தகவமைப்பு மற்றோர் இடத்தில் பயனற்றுப் போகலாம் என்பதற்கு இது சான்றாகும்.

தார்ப் பாலைவனத்தின் உயிர்நாடி வன்னி மரம். தமிழகக் கோயில்கள் சிலவற்றில் தல மரமாக விளங்குவதும் இதுவே. அதன் வேர் நிலத்தடி ஈரத்தைத் தேடி மிக ஆழமாக இறங்குகிறது. அதன் தழை கால்நடைகளுக்குத் தீவனம். காய் மக்களுக்கு உணவு. அதன் வேர்கள் மண்ணை வளப்படுத்துவதால், உழவர்கள் மரத்தடியிலும் கம்பு பயிரிடுகின்றனர்.

இம்மரத்தின் அருமையைப் பிஷ்னோய் மக்கள் நன்கு அறிந்திருந்தனர். 1730இல் ஜோத்பூர் அருகிலுள்ள கேஜர்லி சிற்றூருக்கு வன்னி மரங்களை வெட்ட மன்னரின் ஆள்கள் வந்தனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டியணைத்துத் தடுத்து உயிர் துறந்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் மரங்களைத் தழுவி நின்றனர். மொத்தம் 363 பேர் மாண்டதாக வரலாறு கூறுகிறது. பின்னர், மன்னர் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தார்.

வெட்டிய மரத்திற்கு ஈடாக மழைக்காட்டில் மற்றொன்று விரைவில் முளைத்துவிடும். பாலைவனத்திலோ ஒரு கன்று வேரூன்றி நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆட்டுக்குத் தழை இல்லை. மக்களுக்குக் காய் இல்லை. மணலைத் தடுக்க வேரும் இல்லை. இதை உணர்ந்தவர்கள் என்பதால்தான், அம்மக்கள் ஒரு மரத்தைத் தங்கள் ஊரின் உயிராகக் கருதினர்.